விதியாட்டத்தின் ஏழாவது ஆள்

தென்னூரில் அந்த மருந்துக்கடைக்கு முதல் தடவையாகப் போகிறவர்கள் எரிச்சலோடுதான் திரும்புவார்கள். சீட்டை நீட்டியதும் மாத்திரையை எடுத்துக் கொடுத்து அனுப்புகிற வழக்கம் அங்கே வேலை பார்க்கும் அக்காவிடம் கிடையாது; எங்கள் எல்லோருக்கும் அவர் அக்காதான். நெற்றியில் ஏற்றி வைத்திருக்கும் கண்ணாடியை இறக்கி, சீட்டை வரிவரியாகப் படிப்பார். மருந்தை எடுத்து வைத்து, எப்போது சாப்பிட வேண்டும் என்று விளக்கிய பிறகும் கையை அதன் மேலிருந்து எடுக்க மாட்டார்.

"எப்ப சாப்பிடணும், சொல்லுங்க."

"நீங்கதானே இப்ப சொன்னீங்க?"

"நான் சொன்னது எனக்குத் தெரியும். உங்களுக்கு என்ன தெரிஞ்சதுன்னு சொல்லுங்க."

காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு என்று வந்தவர் ஒப்பித்தால்தான் மருந்து கவருக்குள் போகும்.

ஒரு டாக்டரின் சீட்டை அக்காவால் படிக்க முடியவில்லை. "வழக்கமா எழுதுற சுகர் மாத்திரையாத்தான் இருக்கும், குடுத்து அனுப்பும்மா" என்றார் கடை முதலாளி. அக்கா மாட்டேன் என்றுவிட்டார்; வந்தவர் டாக்டருக்குப் போன் போட்டார். கொஞ்ச நேரத்தில் டாக்டரே போனில் வந்து கத்தினார். ஊரில் இருக்கிற மற்ற கடைக்காரர்களுக்கெல்லாம் தன் கையெழுத்து புரிகிறதே என்றார். அக்கா குரலை உயர்த்தவில்லை. "சீட்டை போட்டோ எடுத்து அனுப்புறேங்க டாக்டர். நீங்களே படிச்சுச் சொல்லுங்க, குடுத்துடுறேன்" என்றார். போட்டோ போனது. பிறகு, "அந்தப் பேஷண்டை இங்க திரும்ப வரச் சொல்லுங்க" என்று போன் வைக்கப்பட்டது. இந்தக் கதையை முதலாளி எல்லோரிடமும் சொல்வார். பெருமையாகச் சொல்கிறாரா, புகாராகச் சொல்கிறாரா என்று கடைசி வரை எனக்குப் பிடிபடவில்லை.

அந்தக் கடைக்கு மேல்மாடியில் ஒரு டியூஷன் சென்டர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் வராததால், மதியத்துக்கு மேல் நாங்கள் ஆறு பேர் அங்கே கூடுவோம். கூட்டியவர் வரதன் சார். கல்லூரியில் கணக்குப் பேராசிரியர், ஸ்ரீரங்கத்துக்காரர். அதே கல்லூரி அலுவலகத்தில் நான் கிளார்க். டயர் கடை வைத்திருந்த அன்வர் பாய், வங்கி அதிகாரி ஒரு மேடம், வரதன் சாரின் பழைய மாணவர்களான இரண்டு இன்ஜினியர்கள். இவ்வளவுதான் எங்கள் சபை.

நாங்கள் ஆடியதை வரதன் சார் எங்கோ படித்துவிட்டு வந்து சொல்லிக்கொடுத்தார். பலகை கிடையாது, காய் கிடையாது. விதிகள் மட்டும்தான். இருபத்தொரு விதிகளோடு ஆட்டம் தொடங்கும். தன் முறை வரும்போது ஒருவர் புதிய விதி ஒன்றை முன்மொழியலாம். இருக்கிற விதியைத் திருத்தலாம், நீக்கலாம். எல்லோரும் விவாதித்து வாக்களிப்போம். பாதிக்கு மேல் ஆதரவு இருந்தால் அது நிறைவேறும். முன்மொழிந்தவருக்குப் புள்ளி கிடைக்கும். அந்த நிமிடத்திலிருந்து எல்லோரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். நூறு புள்ளி எடுத்தால் வெற்றி. அந்த நூறு என்பதும் ஒரு விதிதான், அதையும் மாற்றலாம். இதற்கு விதியாட்டம் என்று பெயர் வைத்தது அன்வர் பாய். "விதியோட விளையாடப் போறேன்னு வீட்ல சொன்னா, பயந்துக்குறாங்க" என்பார். விதிகளை நீளமான நோட்டில் எழுதி வைப்பது என் வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போட்ட சத்தத்தில் கீழே கடையைப் பூட்டிக்கொண்டிருந்த அக்கா படியேறி வந்துவிட்டார். துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்து பல வருஷமாக ஸ்ரீரங்கத்தில் ஒரு போர்ஷனில் தனியாகக் குடியிருந்தவர் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். வாசலில் நின்றபடியே கேட்டார்.

"மேல என்னங்க நடக்குது? பாகப்பிரிவினையா?"

வரதன் சார் சிரித்துக்கொண்டே ஆட்டத்தை விளக்கினார். அக்கா சிரிக்கவில்லை.

"இருக்கிற விதியை மாத்தலாமா?"

"மாத்தலாம்."

"யாரு வேணா?"

"ஆடறவா யார் வேணும்னாலும்."

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆறு பேராக ஆடியபோது மூன்றுக்கு மூன்று என்று அடிக்கடி முட்டிக்கொண்டு நின்றது. ஏழாவது ஆள் கிடைத்தது நல்லதாகப் போயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அன்றைக்கே தன் முறை வந்தபோது ஒரு விதியைச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். "முன்மொழியப்பட்ட விதி தனக்குப் புரியவில்லை என்று ஒருவர் சொன்னால், அவருக்குப் புரியும்படி அதைத் திருத்தி எழுதும்வரை வாக்கெடுப்புக்கு விடக்கூடாது."

இன்ஜினியர்களில் ஒருவன், "அப்ப ஆட்டம் நகரவே நகராதுங்க" என்றான்.

"புரியாம நகர்ந்து எங்க போகப்போறீங்க?" என்று அக்கா கேட்டார்.

அது இருபத்தாறாம் விதியாக நிறைவேறியது. வரதன் சார்கூட ஆதரித்து வாக்களித்தார். மூன்று வரியில் எழுதுவதை ஒரு வரியில் எழுத வேண்டிய கட்டாயம் எங்களுக்கு வந்தது. 'முதலியன', 'தேவைப்பட்டால்', 'உரிய முறையில்' என்ற வார்த்தைகளைக் கண்டாலே அக்கா பேனாவால் மேசையைத் தட்டுவார். "முதலியனன்னா எது எது? பேரைச் சொல்லுங்க."

ஞாயிறு சாயங்காலம் நானும் அக்காவும் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் திரும்புவோம். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது. ஆனாலும் கண்டக்டர் டிக்கெட் கிழித்துத் தர வேண்டும். ஒரு நாள் கூட்ட நெரிசலில் கண்டக்டர் எங்களைத் தாண்டிப் போய்விட்டார். அக்கா கூப்பிட்டார்.

"டிக்கெட் குடுங்க."

"ஓசிதானேம்மா, எதுக்கு டிக்கெட்?"

"ஓசின்னு யாருங்க சொன்னது? நாங்க போகலாம்னு விதி இருக்கு. நான் போனேன்னு கணக்குல வரணும்ல?"

காவிரிப் பாலத்தின் நடுவில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. கண்டக்டர் முணுமுணுத்தபடி இரண்டு டிக்கெட்டைக் கிழித்தார். பின்னால் நின்ற பூக்காரம்மா ஒருவர், "எனக்கும் குடுப்பா" என்று கையை நீட்டினார்.

நானெல்லாம் அப்படிக் கேட்கிற ஆளே இல்லை. அலுவலகத்திலும் சரி, வீட்டிலும் சரி, யார் என்ன சொன்னாலும் தலையாட்டிப் பழகியவள். ஆட்டத்தில் வரதன் சார் கை தூக்கினால் நானும் தூக்குவேன்.

கடையில் ஸ்டாக் எடுக்கிற வேலை இருந்ததால் ஒரு வாரம் அக்கா வரவில்லை. அந்த வாரம் வரதன் சார் முப்பத்து நான்காம் விதியைக் கொண்டுவந்தார். "வாக்களிக்காமல் இருப்பவர் ஆதரவாக வாக்களித்ததாகக் கருதப்படுவார்." ஆட்டம் வேகமாக நகரும் என்று காரணம் சொன்னார். ஐந்து நிமிடத்தில் நிறைவேறிவிட்டது.

அடுத்த வாரம் அக்கா நோட்டை வாங்கி அதைப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"இது யாரு எழுதினது?"

"நான்தான்" என்றார் வரதன் சார். "ரொம்பச் சாதாரண விதி. பிடிக்கலேன்னா எதிர்த்து வாக்களிக்கப் போறா. பேசாம இருக்கறவாளுக்கு ஆட்சேபணை இல்லேன்னுதானே அர்த்தம்?"

"வாயைத் திறக்காதவங்க எல்லாம் ஒத்துக்கிட்டவங்களா சார்?"

நோட்டை மேசையில் பட்டென்று வைத்தார். ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு கோபம் எதற்கு என்று எங்களுக்கு விளங்கவில்லை. அதை நீக்கும்படி உடனே முன்மொழிந்தார். அன்வர் பாயும் வங்கி மேடமும் அவர் பக்கம். வரதன் சாரும் இன்ஜினியர்களும் எதிர்ப்பு. நான் வழக்கம்போல வரதன் சாரைப் பார்த்துக் கை தூக்கினேன். தோற்றுப்போனது.

அன்றிலிருந்து யார் என்ன விதி கொண்டுவந்தாலும் அக்கா எதிர்த்தார். "முப்பத்து நாலை எடுங்க, அப்புறம் பேசலாம். அது இருக்கிற வரைக்கும் எதையும் நான் ஒத்துக்கலைங்க." ஒரு மாதம் இப்படியே ஓடியது. பொறுமையிழந்த இன்ஜினியர்களில் ஒருவன் நாற்பத்தொன்றாம் விதியை முன்மொழிந்தான். தொடர்ந்து மூன்று முன்மொழிவுகளை எதிர்த்தவர் அடுத்த கூட்டத்தில் பேசவும் கூடாது, வாக்களிக்கவும் கூடாது.

அக்கா அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ என் வாயைக் கட்டிப்போட்டுட்டு, நான் ஒத்துக்கிட்டேன்னு எழுதிக்குவீங்க. அதானே?"

வாக்கெடுப்பு நடந்தது. மூன்றுக்கு மூன்று என்று நின்றபோது எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நான் தூக்கினேன். நாலுக்கு மூன்று. அந்த வாரம் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் வந்தார். ஆனால் காவிரிக்காற்று அடிக்கிறது என்பதுபோல முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார்.

அடுத்த ஞாயிறு அவர் வரமாட்டார் என்று இன்ஜினியர்கள் பேசிக்கொண்டார்கள். எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். கையைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல், பேசுகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிப் பார்த்தால் பேசுகிறவர்களுக்கு வார்த்தை தடுமாறத்தான் செய்யும்.

வரதன் சார் அன்றைக்கு ஒரு பெரிய விதியோடு வந்திருந்தார். புள்ளிகளுக்கு ஏற்ப வாக்குகளுக்கு எடை கொடுப்பது. சராசரி, பின்னம், மேல்வரம்பு என்று ஏதேதோ வந்தது. அவருக்குத்தான் நிறையப் புள்ளி. அது நிறைவேறினால் இனிமேல் அவர் நினைத்ததுதான் நடக்கும். நான் நோட்டில் எழுதிக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரதன் சார், இன்ஜினியர்கள் இரண்டு பேர், பேச முடியாத அக்காவின் சம்மதம் என்று நான்கு வாக்கு தயாராக இருந்தது. அன்வர் பாயும் மேடமும் நானும் சேர்ந்து எதிர்த்தாலும் ஒன்றும் ஆகாது. எழுதியதை ஒரு தடவை படித்தேன். ஒரு வரியும் தலைக்குள் போகவில்லை. இத்தனை மாதமாக இப்படித்தான் புரியாமலே எழுதிக்கொண்டிருந்தேன் என்று அப்போது உறைத்தது.

"வாக்கெடுப்புக்குப் போகலாமா?" என்றார் வரதன் சார்.

"எனக்குப் புரியலை சார்."

என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. வரதன் சார் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"என்ன புரியலை?"

"எதுவுமே புரியலை."

இருபத்தாறாம் விதி இருந்தது. அவர் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. எழுதினார். அதுவும் புரியவில்லை. கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். "பின்னத்தை எதுக்கு மூணால பெருக்கணும்?" என்று கேட்டேன். அன்வர் பாய், "நல்லாக் கேளும்மா. எனக்கும் அங்கதான் இடிக்குது" என்றார். சாயங்காலம் ஐந்து மணிக்கு டியூஷன் சென்டரைப் பூட்ட ஆள் வந்தபோது வரதன் சாரின் ஐந்தாவது வரைவு பாதியில் நின்றது. அக்கா கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

படியிறங்கித் தெருவுக்கு வந்ததும் என்னைப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஏன்டி, இத்தனை நாளாப் புரியாமயா எழுதிக்கிட்டு இருந்த?"

"ஆமாக்கா."

"வெக்கமா இல்ல?"

"இருக்குக்கா."

"இருக்கட்டும், நல்லது" என்று சொல்லி வேகமாக நடந்தார்.

அடுத்த வாரம் அவருக்கு வாய் திரும்பியது. முதல் வேலையாக முப்பத்து நான்காம் விதியை நீக்க முன்மொழிந்தார். என் கை வரதன் சாரைப் பார்க்காமல் மேலே போனது. நாலுக்கு மூன்று. நோட்டில் அந்த விதியைக் குறுக்கே அடித்தபோது பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. வரதன் சார் தோற்றதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "உங்களோட ஆடினா மூளைக்கு நல்ல வேலை" என்றுகூடச் சொன்னார். அவருக்கு அது ஆட்டம்தான்.

இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிறு, விவாதம் சூடாக நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ரெக்ஸின் பை. ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

"பாப்பா இங்க இருக்குதுன்னு கீழ சொன்னாங்க."

பாப்பா யார் என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். அக்கா எழுந்தார்.

"வாங்கண்ணே. உக்காருங்க."

"கீழ வாம்மா. ஒரு விஷயம் பேசணும்."

"இங்கயே பேசலாம்."

"வெளி ஆளுங்க இருக்காங்க."

"அதனாலதான் சொல்றேன்."

அக்காவின் பெரியண்ணன் அவர். தயங்கி உட்கார்ந்து பையிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்தார். துறையூர்ப் பக்கம் இருக்கும் அவர்கள் அப்பாவின் நிலத்தில் ரோட்டோரப் பகுதியை பிளாட் போடக் கேட்கிறார்களாம். இரண்டு அண்ணன்களோடு தங்கையும் வாரிசு என்பதால் அவர் கையெழுத்து இல்லாமல் நடக்காதாம். "நீ எங்கயும் அலைய வேண்டாம். இதைப் பாத்துச் சரின்னு சொல்லிட்டா, ஒரு நாள் மட்டும் வந்து ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டாப் போதும்."

அக்கா அதைத் தொடவில்லை. "வரதன் சார், கொஞ்சம் சத்தமாப் படிங்க."

வரதன் சார் படித்தார். அது விடுதலைப் பத்திரம். "மேற்படி சொத்தில் எனக்குள்ள பாத்தியதையை, யாருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இல்லாமல், என் மனப்பூர்வமான சம்மதத்தின் பேரில் என் சகோதரர்களுக்கு விடுதலை செய்து கொடுக்கிறேன்..."

"இருங்க சார்" என்றார் அக்கா. "அண்ணே, இதை எழுதினது யாரு?"

"பத்திரம் எழுதுறவர்தான்."

"என் மனசுல சம்மதம் இருக்குன்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அண்ணனுக்கு முகம் சிவந்தது. "அப்பா போயி பதினாலு வருஷம் ஆச்சு. இந்த நிலத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டிருப்பியா? பேசாமதானே இருந்த? பேசாம இருந்தா ஒத்துக்கிட்டேன்னுதானே அர்த்தம்?"

வரதன் சார் பத்திரத்தை மடியில் தாழ்த்திக்கொண்டார். அவரால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் பேசாம இல்லண்ணே" என்றார் அக்கா. "அப்பா காரியம் முடிஞ்ச அன்னிக்கே கேட்டேன். நீங்க எல்லாரும் கூடத்துல உக்காந்திருந்தீங்க. பொம்பளப் புள்ள பேசுற இடமா இதுன்னு சித்தப்பா சொன்னாரு. உள்ள போன்னு நீங்க சொன்னீங்க. உள்ள போனேன். ஒத்துக்கலை."

"இப்ப ஊர்ல எந்தப் பொண்ணும்மா அண்ணன் தம்பிகிட்டப் பங்கு கேக்குது?"

"பொண்ணுக்கும் பங்குன்னு சட்டம் இருக்கு. அது தானா வந்துடலை. யாரோ உக்காந்து எழுதி, யாரோ சண்டை போட்டு மாத்தியிருக்காங்க. அதை என் கையாலேயே அழிக்கச் சொல்றீங்க. மாட்டேன்."

அண்ணன் எழுந்துவிட்டார். "அப்ப அண்ணன் தம்பி உறவே வேணாங்குற?"

"அது அந்தப் பேப்பர்ல எழுதலையேண்ணே. நான் அந்தப் பேப்பருக்குத்தான் மாட்டேன்னேன்."

அன்வர் பாய் டீ சொல்லிவிடப் போனார். அண்ணன் நிற்கவில்லை. பத்திரத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு இறங்கிப் போனார். அக்கா அவர் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்றுவிட்டு வந்து, "யாரோட முறை?" என்றார். யாராலும் ஆட முடியவில்லை.

பஸ்ஸில் வரும்போது பாதி வழியில் திடீரென்று பேசினார். "எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுத்தது அவருதான். பின்னாடி பிடிச்சுக்கிட்டு வாய்க்கால் கரை முச்சூடும் ஓடி வருவாரு. மேல்சட்டைகூடப் போட்டிருக்க மாட்டாரு."

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம். வக்கீல் நோட்டீஸ், பதில் நோட்டீஸ், ஊர்ப் பெரியவர்களின் சமாதானப் பேச்சு. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அக்காவுக்குப் பத்திரிகை வரவில்லை. ஒரு நாள் சமயபுரம் கோவில் வரிசையில் நாங்கள் நின்றபோது, கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணனின் மனைவி நின்றிருந்தார். அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணி, நல்லா இருக்கீங்களா?"

அக்கா இன்னும் சத்தமாகக் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மூன்றாவது தடவையும் கேட்டார். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"பதில் சொல்லாட்டிப் போறாங்க. நான் கேக்காமப் போனேன்னு ஆகக்கூடாது" என்றார். அன்றைக்கு அம்மனிடம் அவர் என்ன வேண்டிக்கொண்டாரோ, கண்ணை மட்டும் மூடவில்லை.

கடைசியில் வழக்கு கோர்ட்டு ஏறுவதற்கு முன்பே அண்ணன்கள் இறங்கி வந்தார்கள். நிலத்தை மூன்றாகப் பிரிப்பது என்று முடிவாயிற்று. பத்திரத்துக்குச் சாட்சியாக என்னையும் வரதன் சாரையும் அக்கா துறையூருக்குக் கூட்டிப் போனார். வரதன் சார் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு, நெற்றியில் ஸ்ரீசூர்ணம் பளிச்சென்று தெரிய வந்திருந்தார்.

பத்திரம் எழுதுகிறவரின் கடையில் அக்கா கண்ணாடியை இறக்கி, முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். அண்ணன்கள் இரண்டு பேரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான்காம் பக்கத்தில் அக்காவின் விரல் நின்றது.

"'சகோதர பாசத்தின் பேரில் மனமுவந்து கொடுத்த' அப்படின்னு இருக்கே. இதை எடுத்துடுங்க."

"இது எல்லாப் பத்திரத்துலயும் மரியாதைக்கு எழுதுறதும்மா."

"எனக்கு வேண்டாங்க."

பெரியண்ணன் உள்ளே வந்தார். "உன் பங்கு முழுசா வருதுல்ல? அந்த ஒரு வரியால உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"நீங்க குடுத்து நான் வாங்கலண்ணே. உங்களுக்கு எப்படி வந்துச்சோ அப்படித்தான் எனக்கும் வந்துச்சு."

"ரிஜிஸ்டர் ஆபீஸ் டோக்கன் போயிடும். இன்னொரு நாள் எல்லாரும் வரணும்."

"வருவோம்."

எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வரதன் சார் மெதுவாக நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஒரு வெள்ளைத்தாள் குடுங்கோ" என்றார். எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். 'ஆகவே, தகப்பனார் வழியில் தனக்கு வாரிசு உரிமையாக வந்த' என்று ஒரு வரியை அக்காவிடம் நீட்டினார். அக்கா படித்தார்.

"சார், 'ஆகவே' எதுக்கு? இங்க நாம எதையும் நிரூபிக்கலையே?"

வரதன் சார் அந்த வார்த்தையை அடித்தார். டோக்கன் போய்விட்டது. அடுத்த வாரம் எல்லோரும் திரும்ப வந்தோம். அந்த வரியோடுதான் பத்திரம் பதிவாயிற்று. அண்ணன்கள் எங்களோடு ஒரு வார்த்தை பேசாமல் வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள்.

அடுத்த மாதம் கல் நடுவதற்கு சர்வேயர் வந்தார். சனிக்கிழமை என்பதால் நானும் போயிருந்தேன். காலை பத்து மணிக்கே வெயில் சுட்டது. நிலத்தில் கடலைச்செடி பிடுங்கிய தடம் காயாமல் இருந்தது. பெரியண்ணன் தூரத்தில் மோட்டார் கொட்டகை நிழலில், தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல நின்றுகொண்டிருந்தார். சர்வேயர் டேப் பிடித்து, ஆள் வைத்துக் குழி தோண்டி, கல்லை நட்டு மண்ணை மிதித்துவிட்டு, பேப்பரை நீட்டினார்.

"ஒரு கையெழுத்துப் போடும்மா, கிளம்புறேன்."

அக்கா வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கல்லைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார்.

"கிணத்து மேடையிலேருந்து இன்னொரு தடவை அளங்க."

"சரியாத்தாம்மா இருக்கு."

"அளங்க, பாப்போம்."

சர்வேயர் அலுத்துக்கொண்டே டேப்பை இழுத்தார். எண்ணைப் பார்த்தவர், அக்காவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "ஒரு சாண் தள்ளி நட்டுட்டாங்க. ஆனா உங்களுக்கு லாபமாத்தான் இருக்கு. அவங்க பக்கம்தான் குறையுது. பேசாம விடுங்க."

"எப்படிங்க பேசாம விடுறது?" அக்கா சத்தமாகவே சொன்னார். "கல்லைப் பிடுங்குங்க. எனக்கு எவ்வளவு உண்டோ அவ்வளவுதான் வேணும். அவங்களோடது ஒரு சாண் எனக்கு எதுக்கு?"

குழி தோண்டிய ஆள் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்ப ஆயத்தமாக நின்றிருந்தான். சர்வேயர் அவனைப் பார்த்தார், அவன் சலித்துக்கொண்டான். அதற்குள் கொட்டகை நிழலிலிருந்து பெரியண்ணன் வரப்பில் நடந்து வந்தார். அந்த ஆளிடமிருந்து கடப்பாரையை வாங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லின் அடியில் நெம்பினார். கல் சாய்ந்தது.

"எந்தப் பக்கம் பாப்பா?"

"கிழக்கேண்ணே. ஒரு சாண்."

அவர் புதிய குழியைத் தோண்டத் தொடங்கினார். மண் ஈரமாக இருந்ததால் சீக்கிரமே ஆழம் வந்துவிட்டது. கல்லை இறக்கப் போனவரை அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். சர்வேயர் பக்கம் திரும்பி, "டேப்பைப் பிடிங்க" என்றார்.